நான்ஸி ட்ரூவுக்கு மூல ஏடு எது?

நான்ஸி ட்ரூ என்னும் அமெரிக்கத் துப்பறியும் பெண்ணைத் திரையில் யார் எந்தக் காலத்தில் காட்டினாலும், படம் முடிந்து விளக்கைப் போடுவதற்குள் ரசிகர் சபையில் ஒரு தீர்ப்பு தயாராகிவிடுகிறது: ‘இவள் நம் நான்ஸி அல்ல’ என்பதே அது. வார்னர் கம்பெனியார் 1938, 1939-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நான்கு படங்களுக்கும் இதே தீர்ப்பு, 1977-இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வந்த தொடருக்கும் இதே தீர்ப்பு. 2007-இல் வந்த படத்துக்கும், 2019-இல் பேய் பிசாசுகளோடு தொடங்கி 2023 வரை ஓடிய தொடருக்கும் இதே தீர்ப்பு. ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத இத்தனை படைப்புகளின் மீதும் ஒரே குற்றச்சாட்டை ஒரே வார்த்தைகளில் சுமத்த முடிகிறது என்றால், கோளாறு படைப்புகளில் இருக்கிறதா, குற்றச்சாட்டிலேயே இருக்கிறதா என்று சந்தேகிப்பது நியாயந்தானே.

இந்தக் கட்சியின் வாதத்தை அதன் மிகத் திறமையான பிரதிநிதியிடமிருந்தே நான் கேட்டிருக்கிறேன். என் சகோதரியின் மகள், பள்ளிக்கூட நாட்களில் தெருமுனை வாடகை நூல்நிலையத்திலிருந்து நாளுக்கொன்றாக நான்ஸி புத்தகங்களை எடுத்து வந்து, சோற்றுத் தட்டுக்கு முன்னால்கூட மூடாமல் தாயாரிடம் வசவு வாங்கியவள். இன்று ஹைகோர்ட்டில் வக்கீல். சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது 1939-ஆம் ஆண்டுப் படமொன்றைப் போட்டுக் காட்டினேன். கால் மணி நேரம் பொறுத்தாள். “போதும் மாமா, நிறுத்துங்கள். நான்ஸி இப்படியா குதிப்பாள்? எதிலும் ஒரு நிதானம், யாரிடமும் ஒரு மரியாதை, எடுத்த காரியத்தில் பிசகே கிடையாது. இது யாரோ ஒரு பெண்” என்றாள்.

அவளுடைய வருத்தம் உண்மையானதுதான். ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில், ஆராய்ந்து பாராத ஒரு நம்பிக்கை கிடக்கிறது. நான்ஸி என்பவள் ஓர் ஆசிரியரின் உள்ளத்தில் பரிபூரணமாக உதித்தவள் என்றும், புத்தகத்துக்குள் தலைமுறை தலைமுறையாக அதே நிலையில் வாசம் செய்பவள் என்றும், சினிமாக்காரன் கை பட்ட பிறகே அவளுக்குக் களங்கம் நேர்ந்தது என்றும் கருதும் நம்பிக்கை அது. அதற்கு ஆதாரமே இல்லை என்பது என் கட்சி.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி, கிராஸெட் அண்டு டன்லப் என்ற பிரசுராலயம் நான்ஸி கதைகள் மூன்றை ஒன்றாக வெளியிட்டது. அட்டையில் ஆசிரியர் பெயர் காரலின் கீன் என்றிருந்தது. காரலின் கீன் என்று ஒரு ஸ்திரீ எக்காலத்திலும் இருந்ததில்லை. எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் என்பவர், தொழிற்சாலை நடத்துவதுபோலக் கதை நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தார்; கதைப்போக்கைச் சில பக்கங்களில் அவர் வரைந்து கொடுப்பார், அதை விரித்துப் புத்தகமாக்குவது கூலிக்கு அமர்ந்த எழுத்தாளரின் வேலை. நான்ஸியை அவ்விதம் விரித்து எழுதியவர் அயோவா மாகாணத்தைச் சேர்ந்த மில்ட்ரெட் வர்ட், பின்னாளில் மில்ட்ரெட் பென்சன் என்று அறியப்பட்டவர். அப்போது அவருக்கு வயது 24. ஒரு புத்தகத்துக்கு 125 டாலர் கூலி. பெயரும் உரிமையும் நிறுவனத்துக்கு. முதல் 30 புத்தகங்களில் 23 இவர் கையால் ஆனவை. கதாநாயகி மிஞ்சிய துடுக்குக்காரியாக இருக்கிறாளே என்று ஸ்ட்ராட்டமேயர் முகம் சுளித்ததாகப் பென்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. முகம் சுளித்தவர் அதன் வெற்றியைக் காண இருக்கவில்லை. புத்தகங்கள் வெளிவந்து இரண்டு வாரம் ஆவதற்குள் காலமானார். நிறுவனம் அவருடைய பெண்களிடம் வந்தது. மூத்தவரான ஹேரியட் ஆடம்ஸ் பல ஆண்டுகளுக்குப் பின் தாமே காரலின் கீன் என்று உலகுக்குச் சொல்லிக்கொண்டார். 1980-இல் பிரசுராலயங்களுக்குள் நேர்ந்த ஒரு வழக்கில் பென்சன் சாட்சிக் கூண்டில் ஏறியபோதுதான் உண்மை அம்பலத்துக்கு வந்தது.

ஆக, நான்ஸியின் பிறப்பிலேயே கரு ஒருவருடையது, உடல் மற்றொருவருடையது, வளர்ப்பு மூன்றாமவருடையது. இவர்களுக்குள் அபிப்பிராய ஐக்கியமும் இல்லை. ஸ்ட்ராட்டமேயர் கண்ட துடுக்கை மரியாதையாக மாற்றுவதே தம் கடமை என்று ஹேரியட் ஆடம்ஸ் எண்ணினார் போலும். 1959 முதற்கொண்டு பழைய புத்தகங்கள் 34-ஐயும் திருத்தும் வேலை தொடங்கியது. 25 அத்தியாயங்கள் 20 ஆயின. நான்ஸியின் வயது 16-லிருந்து 18 ஆயிற்று. பத்து வயதில் தாயை இழந்திருந்தவள் மூன்று வயதிலேயே இழந்தவளானாள். ‘மறைவான மாடிப்படி’ என்ற இரண்டாம் புத்தகத்தின் முதற்பதிப்பில், மர்ம வீட்டில் இராத்தங்கப் போகும் மகளுக்குத் தந்தை கார்சன் ட்ரூ, வக்கீல் தொழிலில் பெயர் பெற்ற அந்தப் பெரிய மனிதர், ஒரு ரிவால்வரைக் கொடுத்தனுப்புகிறார். திருத்திய பதிப்பில் அந்த ரிவால்வரைக் காணோம். சில இடங்களில் கதையே வேறாகிவிட்டது. என் சகோதரி மகள் ‘நிதானம், மரியாதை, பிசகின்மை’ என்று எண்ணிய குணங்கள், ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து வேறொருவர் பூசிய வர்ணம்.

இதில் இன்னொரு தர்மசங்கடமும் இருக்கிறது. முதற் புத்தகமாகிய ‘பழைய கடிகாரத்தின் ரகசிய’த்தின் 1930-ஆம் ஆண்டுப் பதிப்பில், காலி வீட்டைக் காக்கும் ஜெஃப் டக்கர் ஒரு நீக்ரோ, குடிகாரன், அவன் பேச்சும் நடையும் ஏளனத்துக்கென்றே எழுதப்பட்டவை. திருத்திய பதிப்பில் அவன் வெள்ளையன், குடிப்பதும் இல்லை. இனத் துவேஷத்தைத் தொட்டு மாற்றுவதற்குப் பதில், சங்கடமான மனிதனையே கதையிலிருந்து கழித்துவிட்டார்கள். மூல விசுவாசமே பரம தர்மம் என்போர் அந்தப் பழைய ஜெஃப் டக்கரைத் திரைக்குக் கொண்டுவரச் சொல்வார்களா? ஒருவரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. அவர்கள் மூலம் என்று சொல்வது தம் பன்னிரண்டாம் வயதில் தம் கைக்குக் கிடைத்த பிரதியைத்தான். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளான சாண்ட்ரா டே ஓகானர், ரூத் பேடர் கின்ஸ்பர்க், சோனியா சோட்டோமயோர் ஆகிய மூவரையும் இளமையில் நான்ஸி வாசகிகளாக இருந்தவர்கள் என்று பெருமையாகச் சேர்த்துச் சொல்வது வழக்கம். முதல் இருவரும் சிறுமிகளாயிருந்த காலத்தில் இருந்தது துடுக்கு நான்ஸி ஒருத்தியே. 1954-இல் பிறந்த மூன்றாமவர் படிக்கத் தொடங்கிய காலத்திலோ திருத்த வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மூவரும் ஒரே பெண்ணைத்தான் சந்தித்தார்கள் என்று யார் சத்தியம் செய்வது?

பெயராவது நிலையானதா என்றால், அதுவும் இல்லை. பிரெஞ்சுப் பிள்ளைகள் அறிந்தவள் அலிஸ் ருவா. அவர்களிடம் போய் நான்ஸி ட்ரூ என்றால் விழிப்பார்கள்.

ஏட்டுச் சுவடிகளோடு பழகிய நம்மவருக்கு இந்த நிலை புதிதல்ல. உ. வே. சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்க ஊர் ஊராகப் போய் ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்தாரே, அப்போது அவர் தேடிய மூலபாடம் எங்கோ இருந்தே தீரவேண்டும், ஏனெனில் ஒரு புலவன் அதை ஒரு நாள் பாடினான். நான்ஸி விஷயத்தில் அப்படிப் பாடிய ஒருவரே இல்லை. இருப்பவை எல்லாம் பாடபேதங்கள்; அவற்றுள் சில அச்சில் வந்தவை, சில படச்சுருளில் வந்தவை. மூலபாடம் ஐயத்துக்கிடமின்றி இருக்கும் இடத்திலேயே நாம் மாற்றத்தை ரசித்துப் பழகியவர்கள். வால்மீகியில் இராவணன் சீதையைக் கைகளால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பன் அதைப் பொறாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கச் செய்தான். இரணியன் கதைக்கு ஒரு படலத்தையே புதிதாகச் சேர்த்தான். அதற்காகக் கம்பனைக் கூண்டில் ஏற்றியவர் உண்டோ? வார்னர் கம்பெனியின் ஒரு மணி நேரப் படத்தைக் கம்பனுக்குச் சமமாக வைக்கிறான் இவன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். மாற்றினான் என்பது மாத்திரம் குற்றமாகாது என்பதற்கே இதைச் சொன்னேன்.

அப்படியானால் திரையில் வரும் எந்தப் பெண்ணுக்கு வேண்டுமானாலும் நான்ஸி என்று பெயரிட்டுவிடலாமா என்ற கேள்வி எழும். எழ வேண்டிய கேள்விதான். இத்தனை பாடபேதங்களுக்கு ஊடே மாறாமல் வந்திருப்பது எது என்று பார்த்தால், அது தலைமயிரின் நிறமுமல்ல, உடுப்புமல்ல, பேச்சின் பணிவுமல்ல. முதற் புத்தகத்தில் ஒரு காட்சி வருகிறது. ஏரிக்கரையில் பூட்டிக் கிடக்கும் வீடு; உள்ளே சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும் திருடர்கள்; ஒளிந்திருந்த நான்ஸி அகப்பட்டுக்கொள்கிறாள், துணிமணி வைக்கும் சிறிய அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சுற்று வட்டாரத்தில் ஆள் கிடையாது. முதலில் அவள் பதறுகிறாள். கதவை மோதுகிறாள், கத்துகிறாள். பிறகு நின்று யோசிக்கிறாள். இருட்டில் கையால் துழாவினால், தலைக்கு மேலே துணி மாட்டும் மரத்தண்டு தட்டுப்படுகிறது. அதைப் பிடுங்கி, கதவுக் கீலின் இடுக்கில் கொடுத்து நெம்பத் தொடங்குகிறாள். காவற்காரன் வந்து சேர்ந்து திறந்துவிடும் வரை அவள் சும்மா இருக்கவில்லை. பயப்படாதவள் என்பதல்ல அவள் பெருமை. பயந்த பின்னும் புத்தியை உபயோகிக்கிறாள், அதுவும் தன் புத்தியை. துப்பு அவள் கண்ணில் படவேண்டும், முடிவு அவள் வாயில் பிறக்கவேண்டும், அங்கே போய்ச் சேர அவள் கையில் ஒரு வண்டி இருக்கவேண்டும். ‘போகாதே’ என்று தடுக்கும் தாயார் கதையில் இல்லை. நம்பி அனுப்பும் தகப்பனார் இருக்கிறார். பெண் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகங்கள் கொடுத்த போதை அவ்வளவும் இதில் இருக்கிறது. திரை நான்ஸிகளை நான் அளக்கும் படியும் இதுதான்.

இந்தப் படியால் அளந்தால், எல்லாரும் பரிகசிக்கும் 1938-39 படங்கள் எதிர்பாராத உயரத்துக்குப் போய்விடுகின்றன. வில்லியம் கிளெமென்ஸ் டைரக்ட் செய்த அந்த நான்கு படங்களும், பெரிய படத்தோடு இணைத்து ஓட்டுவதற்காகச் சிக்கனமாக எடுக்கப்பட்டவை. புத்தகங்களில் நான்ஸியின் நண்பனாக வரும் நெட் நிக்கர்ஸன் அங்கே டெட் ஆகிவிட்டான். வீட்டைக் கவனிக்கும் ஹன்னா க்ரூயன் வேறு பெயரில் வருகிறாள். தோழிகள் பெஸ்ஸும் ஜார்ஜும் அடியோடு இல்லை. விசுவாசவாதிகள் எடுத்துப் போடும் பட்டியல் இவ்வளவும் மெய். ஆனால் நான்ஸியாக நடித்த பானிடா கிரான்வில்லைக் கவனியுங்கள். பதின்மூன்று பதினான்கு வயதிலேயே ‘இந்த மூவர்’ என்ற படத்தில் பொல்லாத சிறுமியாக நடித்து ஆஸ்கார் பரிசுக்குப் பெயர் குறிக்கப்பட்டவள் அவள். நான்ஸியாக வரும்போது மூச்சு விடாமல் பேசுகிறாள், தவறான கதவைத் தட்டுகிறாள், அசடு வழிகிறாள், மறு நிமிஷம் அடுத்த யோசனையோடு வந்து நிற்கிறாள். முதற் படத்தில் தூதுப் புறாவொன்றைக் காரில் துரத்திக்கொண்டு போகிறார்கள். வில்லர்களின் ஆஸ்பத்திரிக்குள் நுழைய வேண்டுமென்றவுடன், நர்ஸ் வேஷம் போட்டுக்கொண்டு தவிக்க வேண்டியவன் டெட். மற்றொரு படத்தில் வீடு வீடாக ஐஸ்கட்டி போட்டுப் பிழைக்கும் அந்தப் பையனை வேலையிலிருந்து பிடுங்கி வந்து தன் காரியத்துக்கு அமர்த்திக்கொள்கிறாள். அவன் மறுப்பான், புலம்புவான், கடைசியில் அவள் சொன்னதைச் செய்வான். பென்சன் எழுதிய துடுக்கு நான்ஸிக்கு, திருத்திய பதிப்புகளின் பதவிசான நான்ஸியைவிட, இந்தக் குதிக்கும் பெண்ணே நெருங்கிய உறவு என்று நான் சொல்லுவேன். தந்தையாரும் போலீஸ் அதிகாரியும் அவளை அதட்டுவதைச் சிரிப்புக்கு உரியதாக்கிய காட்சிகள் சில இன்று கசக்கின்றன, அதை மறைப்பானேன். இருந்தாலும் அதட்டியவர்கள்தாம் ஒவ்வொரு படத்தின் முடிவிலும் தவறியவர்களாக நிற்கிறார்கள்.

விசுவாசம் என்பதை மனப்பூர்வமாகக் கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007-ஆம் ஆண்டுப் படம் பிரத்தியட்சமான உதாரணம். ஆண்ட்ரூ ஃப்ளெமிங் எடுத்த அதில், எம்மா ராபர்ட்ஸ் நடித்த நான்ஸி, பழைய மோஸ்தர் பாவாடையும் பழைய மோஸ்தர் பூட்ஸும் அணிந்து, பழைய நீல நிறக் கார் ஓட்டி, நவீன லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு நடுவே மரியாதை தவறாமல் நடந்துகொள்கிறாள். புத்தகத்தில் உள்ள புற அடையாளங்கள் அத்தனையும் இருக்கின்றன. விளைவு என்ன? அவள் ஒரு பொருட்காட்சி. 1930-இன் நான்ஸி தன் காலத்துப் பெண்களுக்கு ஓர் அடி முன்னால் நடந்தாள். பதினாறு வயதில் சொந்தக் காரில் தனியாகப் போனவள் அன்றைக்கு நவீனத்தின் உச்சி. அதே காரையும் அதே பாவாடையையும் எழுபத்தைந்து வருஷம் கழித்து நிறுத்தினால், முன்னால் போனவளைப் பின்னால் தங்கியவளாக்கிவிடுகிறோம். படம் ஓரளவு சுவையாகவே இருக்கிறது, எம்மா ராபர்ட்ஸிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் விசுவாசத்தின் பெயரால் நடந்த இந்தத் துரோகத்தை விசுவாசவாதிகள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் குறை சொல்வதெல்லாம் கதை நான்ஸியின் ஊராகிய ரிவர் ஹைட்ஸை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டதே என்பது.

1995-இல் வந்த கனடாத் தொடரையும் 2002-இன் தொலைக்காட்சிப் படத்தையும் பற்றிப் பேச அதிகமில்லை. 2019-இல் சோஃபியா லில்லிஸ் நடித்த படத்தில் காருக்குப் பதில் சக்கரப் பலகை வருகிறது. அதையும் ஒரு வண்டி என்றே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

உண்மையில் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே பெரும்பாலோர் கோபப்படுவதில்லை என்பதுதான் வேடிக்கை. 1977-இல் தொடங்கிய தொடர் துப்பறியும் பையன்களான ஹார்டி சகோதரர்களையும் நான்ஸியையும் ஒரே தலைப்பின் கீழ்ச் சேர்த்தது. ஒரு வாரம் அவர்கள், ஒரு வாரம் இவள். நான்ஸியாக வந்த பமேலா ஸூ மார்ட்டின் நிதானமும் அறிவும் உள்ள நடிகை. என் சகோதரி மகள் விரும்பும் லட்சணங்கள் யாவும் பொருந்தியவள். ஆனால் இரண்டாம் வருஷத்தில் நான்ஸிக்கென்ற வாரங்கள் குறைந்தன. பையன்களின் கதையில் பங்கு கொள்ளும் விருந்தாளியாக அவள் ஆகிக்கொண்டே வந்தாள். மார்ட்டின் விலகினார், ஜேனட் லூயிஸ் ஜான்ஸன் வந்தார், பிறகு நான்ஸியே போய்விட்டாள். மூன்றாம் வருஷம் ஹார்டி சகோதரர்கள் மாத்திரம் மிஞ்சினார்கள். உடை மாறவில்லை, ஊர் மாறவில்லை, தந்தை மாறவில்லை; துப்பு துலக்கும் உரிமை மாத்திரம் கை மாறிவிட்டது. பெயர் மாறிய டெட்டுக்காகக் கண்ணீர் விடுவோர் இந்த இழப்புக்கு ஒரு சொட்டும் விடவில்லை.

இனிப் பேய்த் தொடர். இங்கே எதிர்க்கட்சிக்கு ஒரு பலமான ஆயுதம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். புத்தகங்களில் எத்தனை பேய் வந்தாலும், கடைசியில் அது சுரங்க வழியாக வரும் அயல் வீட்டுக்காரனாகவோ, சொத்துக்கு ஆசைப்பட்ட வேறு ஆசாமியாகவோதான் இருக்கும். இருட்டில் கேட்ட சத்தத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பெண் பிள்ளை ஒருத்தி கண்டுபிடிக்க முடியும் என்பதே அந்தக் கதைகளின் வேதாந்தம். கென்னடி மக்மேன் நடித்த தொடரிலோ, மேய்ன் மாகாணத்துக் கடலோர ஊரில், லூஸி ஸேபிள் என்ற இறந்துபோன பெண்ணின் ஆவி மெய்யாகவே உலவுகிறது. இது கார் நிறம் மாறிய கதையல்ல. அஸ்திவாரத்தில் கை வைத்த கதை. என் படியால் அளந்தாலும் இது குறைதான்.

ஆயினும் அந்தத் தொடரைப் பொறுமையாகப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புத்தக நான்ஸியின் சுதந்திரத்துக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது அவளுடைய தாய். பத்து வயதில் இறந்தாள், இல்லை மூன்று வயதில் இறந்தாள் என்று பதிப்புக்குப் பதிப்பு வருஷத்தை மாற்றிக்கொண்டார்களே தவிர, அந்தத் தாய் யார், அவள் மறைவால் பெண்ணின் உள்ளத்தில் என்ன நேர்ந்தது என்று கிராஸெட் தொடரின் ஐம்பத்தாறு புத்தகங்களிலும் ஊன்றி ஒரு கேள்வி இல்லை. தொடரின் நான்ஸியோ, தாயை நோய்க்குப் பறிகொடுத்துப் படிப்பில் தளர்ந்து, கல்லூரிக்குப் போக முடியாமல், உணவு விடுதியில் தட்டு எடுத்துப் பரிமாறுகிறாள். ஒரு கொலையை விசாரிக்கப் போய், தன் பிறப்பையே விசாரிக்க வேண்டியவளாகி, அந்த ஆவிதான் தன்னைப் பெற்றவள் என்று கண்டுபிடிக்கிறாள். கண்டுபிடிப்பவள் அவளே, ஒரு பையனும் வந்து சொல்லவில்லை. தொண்ணூறு வருஷமாகக் கூடத்தில் மாட்டியிருந்த ஒரு வெற்றுச் சட்டத்தில் படம் வைக்கத் துணிந்தவர்களை ‘மூலத்தைக் கெடுத்தார்கள்’ என்ற ஒற்றை வாக்கியத்தால் அனுப்பிவிடுவது, விமர்சனம் செய்ய வேண்டிய இடத்தில் கதவைச் சாத்துவதாகும். பேயைப் பிடிக்கவில்லை என்றால் பேயைப் பற்றி வாதம் செய்வோம். அதற்கு மூலத்தைத் துணைக்கு அழைக்க வேண்டிய அவசியமில்லை.

இவற்றையெல்லாம் ஒரு பாட்டம் சொல்லி முடித்தபோது என் சகோதரியின் மகள் மசியவில்லை. வக்கீல் அல்லவா, “சாட்சியம் எங்கே?” என்றாள். 1991 முதல் ஆப்பிள்வுட் என்ற பிரசுராலயத்தார், திருத்தம் செய்யாத பழைய பாடத்தை முதற்பதிப்பின் தோற்றத்திலேயே மறு அச்சாக வெளியிட்டார்கள். ‘மறைவான மாடிப்படி’யின் அந்தப் பிரதியொன்று என்னிடம் இருந்தது. எடுத்துக்கொண்டு போனாள். பொங்கலுக்கு வந்தபோது, தன் பழைய மஞ்சள் முதுகுப் பிரதியையும் கூடவே கொண்டு வந்து, இரண்டையும் ஊஞ்சல் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ரிவால்வர் வரும் பக்கத்தில் பஸ் டிக்கெட் ஒன்று அடையாளமாகச் செருகியிருந்தது.

“அப்பாவே கையில் எடுத்துக் கொடுக்கிறார் மாமா,” என்றாள், அந்தப் பக்கத்தை மறுபடி ஒரு தரம் பார்த்துக்கொண்டு. “இதையே எவனாவது சினிமாவில் காட்டியிருந்தால், இது நான்ஸியே இல்லையென்று முதலில் கத்தியிருப்பவள் நான்தான்.”